இல்லாத புருஷனுக்கு சட்டை தொவைச்ச பிரேமிளா

இன்னைக்கு வத்தேகம சந்தையில பிரேமிளாவ பார்த்தேன். "யாரு அது?"ன்னு கேப்பீங்க. காலையில எட்டரை மணி வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இப்ப கட்டுகஸ்தோட்டை பஸ்ல ஜன்னலோரம் ஒக்காந்து ரெண்டு கட்டைவெரலாலயும் டைப் பண்ணிகிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ரோடு அப்படி.

போஞ்சி வாங்கத்தான் போனேன். முஹ்ஸின் நானாவோட மளிகைக்கடை வாசல்ல ஒரு படங்க விரிச்சு, போஞ்சி, கத்தரிக்கா, கொஞ்சம் பச்சை மொளகு எல்லாம் குமிச்சு வச்சுகிட்டு ஒரு பொண்ணு ஒக்காந்திருந்தாங்க. நான் வெலைய கேட்டு வாய மூடல, நானா கடைக்குள்ள இருந்தே சத்தம் போட்டாரு.

"தம்பி, அவங்களோட பேரம் பேச வாணாம். இல்லாத புருஷனால கேஸ் வாங்கின ஆளு அது!"

"நானா, விடிஞ்ச ஒடனே ஆரம்பிச்சிட்டீங்களா?"ன்னு அவங்க சிரிச்சாங்க.

இல்லாத புருஷனால எப்படி கேஸ் வரும்? கேட்டேன். ஒரு காலி கிரேட்ட கவுத்துப் போட்டு ஒக்காந்தேன். மூணு பஸ் போயிருச்சு.

பிரேமிளாவுக்கு இருபத்தொம்பது வயசு. வத்தேகமவுல இருந்து மேல போற பஸ்ல கடைசி ஹோல்ட்ல எறங்கி, தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடுகள், அந்த லயத்த தாண்டி இன்னும் இருபது நிமிஷம் ஏறினா அவங்க காணி. அரை ஏக்கர். தோட்டக் கம்பனி கைவிட்டு, காடு பிடிச்ச தேயிலை மலை. அந்த லயத்துலதான் பொறந்து வளர்ந்தாங்க. அம்மா இல்ல. அப்பா வத்தளையில அண்ணன் வீட்டுல இருக்காரு. இவங்க பல்லேகல பக்கம் ஒரு ஃபெக்டரியில எட்டு வருஷம் சட்டைக்கு காலர் வச்சாங்க. காலர் மட்டும். எட்டு வருஷத்துல ஒரு முழுச் சட்டையைக்கூட நான் தைக்கலன்னு பெருமையா சொல்றாங்க.

அந்த மலையை துண்டு துண்டா பிரிச்சுக் குடுக்கப் போறாங்கன்னு நோட்டிஸ் போட்டப்ப, இவங்களும் ஃபோம் நெரப்பிப் போட்டாங்க. கெடைச்சிருச்சு. கெடைச்சதுதான் பிரச்சினை. கெடைக்காம போயிருந்தா லயமே கூடி ஐயோ பாவம்னு சொல்லியிருக்கும், விஷயம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்.

காணி ஆபிஸ்ல சொன்ன கண்டிஷன் மூணுதான். வீட்டைக் கட்டி அங்கயே அவங்களே குடியிருக்கணும். பயிர் செய்யணும். வேற ஆளுக்கு வாடகைக்கோ குத்தகைக்கோ விடக்கூடாது. ஒரு வருஷம் கழிச்சு வந்து பார்ப்பாங்க. எல்லாம் சரின்னா அவங்க பேருக்கு பெர்மிட். இல்லன்னா காணிய திருப்பி எடுத்துக்குவாங்க.

பிரேமிளா ஃபெக்டரி வேலைய விட்டாங்க. ஒரு மம்பட்டி வாங்கினாங்க. ஏறிட்டாங்க. தனியா.

இந்த "தனியா"ங்கிற சொல்லுக்கு நம்ம ஆளுங்க மத்தியில இருக்கிற மரியாதை ஒங்களுக்கே தெரியும். புலி வந்துருச்சுன்னு சொன்னாக்கூட டீயக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழும்புவாங்க. ஒரு பொம்பளப்புள்ள தனியா இருக்குன்னு சொன்னா செருப்பக்கூட போடாம ஓடி வருவாங்க, அறிவுரையோட. முதல் ஆளா வந்தது அழகமுத்து மாமா. அவங்க அம்மாவோட தம்பி. லயத்துல தொங்கல் காம்பராவுல, அதாவது கடைசி வீட்டுல, இருக்காரு.

"பொம்பளப்புள்ள மலையில தனியா என்னா செய்வ?"

"பயிர் செய்வேன் மாமா."

"அது சரி. தனியா என்னா செய்வ?"

"பயிர்தான் மாமா."

"நான் கேக்குறது ஒனக்கு வெளங்கலையா?"

"வெளங்குது மாமா. ஒங்களுக்குத்தான் பதில் வெளங்கல."

இதே கேள்விய முப்பது பேருக்கு மேல வந்து கேட்டாங்களாம். அவங்க பேசிகிட்டு இருக்கயில இவங்க மானாப்புல்லு வெட்டிகிட்டே பதில் சொல்லுவாங்க. ஆள் ஒசரத்துக்கு நின்ன புல்லு. கால்ல அட்டை. ரெண்டு மாசம் வெட்டினாங்க. "அறிவுரை மட்டும் இல்லன்னா ஒரு மாசத்துல முடிச்சிருப்பேன்"ங்கிறாங்க. அதுக்குப் பொறகு குரங்கு. போட்ட போஞ்சியில பாதி அதுங்களுக்கு. ஆனா ஒண்ணு, வந்த விருந்தாளிங்கள்ல கல்யாணம் எப்பன்னு கேக்காம சாப்பிட்டுட்டு போனது அதுங்க மட்டும்தான்.

ஒரு ரூமு, ஒரு குசினி, தகரக் கூரை. வீடு எழும்பிருச்சு. குடி போன முதல் வாரமே ஒரு சாயங்காலம் யாரோ ரெண்டு பேரு காணி ஓரத்துல வந்து ஒக்காந்து குடிச்சிட்டு, வீட்டையே பாத்துகிட்டு இருந்துட்டு போனாங்களாம். ஒண்ணும் பேசல. பாத்தாங்க, அவ்வளவுதான். அதைச் சொல்லயில மட்டும் பிரேமிளா சிரிக்கல. போஞ்சியில ஒண்ண எடுத்து முறிச்சு முறிச்சு போட்டாங்க.

மறுநாள் இராஜகுமாரி சித்தி ஒரு பையோட மூச்சு வாங்க ஏறி வந்துட்டாங்க. அம்மாவோட தங்கச்சி, அவங்களும் கீழ லயத்துலதான். பையில ஒரு நீலக் கோடு போட்ட ஆம்பள சட்டை, இடுப்புல கட்டுற சாரம் ஒண்ணு.

"எதுக்கு சித்தி இது?"

"கொடியில போடு. வீட்டுல ஆம்பள இருக்குன்னு பாக்குறவனுக்கு தெரியட்டும்."

"சட்டைக்குள்ள இருக்கிறது யாருன்னு கேட்டா?"

"சட்டை காயுற வீட்டுல எவன்டி வந்து அதைக் கேக்குறான்?"

சித்தியோட நியாயம் சித்திக்கு. அடுத்த நாள் மாமா அவரோட பழைய செருப்பு சோடிய, பத்தாம் நம்பர், கொண்டாந்து வாசல்ல வச்சாரு. இன்னொருத்தர் செவப்பு ஹெல்மட் ஒண்ணு குடுத்து விட்டாரு. மோட்டார் சைக்கிள் இல்ல, ஹெல்மட் மட்டும். ஒரு சிமெந்து பேக்க மேல ஏத்த ஆள் கெடைக்காத ஊர்ல, ஒரு புருஷன உருவாக்க எத்தனை கை!

பிரேமிளா முதல்ல சிரிச்சாங்க. பொறகு சட்டைய கொடியில போட்டாங்க. குடிக்க வந்த ஆளுங்க அதுக்குப் பொறகு வரல. அதனால கழட்டவும் முடியல.

பிரச்சினை என்னன்னா, சட்டைன்னா வெளுக்கும். "ஒரு மாசமா அதே எடத்துல அதே சட்டை காயுதே, எவனுக்காச்சும் சந்தேகம் வராது?"ன்னு சித்தி ஏசினாங்களாம். அதனால ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இல்லாத ஆளோட சட்டைய சவுக்காரம் போட்டு தொவைச்சு, வேற பக்கம் காயப் போடணும். காலையில செருப்ப கொஞ்சம் தள்ளி வைக்கணும். ஹெல்மட்ட ஜன்னலுக்கு மாத்தணும். ஒலகத்துலயே நல்ல புருஷன்: குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, சோத்துல உப்பு இல்லன்னு சொல்ல மாட்டாரு. ஆனா பாருங்க, அவருக்கும் துணி தொவைச்சுத்தான் குடுக்கணும்.

ஒரு நாள் மொளகு வாங்குற ஆள் ஒருத்தர் ஏறி வந்து, "வீட்டுல ஐயா இல்லையா?"ன்னு கேட்டிருக்காரு.

"தூங்குறாரு. பல்லேகலையில நைட் சிஃப்ட்"னு இவங்க வாய் தானா சொல்லிருச்சு.

"கொஞ்சம் கேட்டு சொல்லுங்களேன்."

இவங்க கதவுப் பக்கம் திரும்பி, "என்னாங்க, மொளகு கேட்டு வந்திருக்காங்க"ன்னு கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. தலைய ஆட்டினாங்க. "இப்ப வேணாங்கிறாரு."

அந்த ஆளும் சரின்னு எறங்கிப் போயிட்டாரு. பொண்ணு வேணாம்னு சொன்னா மூணு தடவை கேப்பாங்க. இல்லாத ஆம்பள வேணாம்னு சொன்னா ஒரு தடவையே போதும்.

அன்னையில இருந்து அவருக்கு உத்தியோகமும் ஆச்சு. விஷயம் கீழ வரைக்கும் பரவிருச்சு. லயத்துல அத்தன பேருக்கும் உண்மை தெரியும். ஆனா வெளியாளுங்க கேட்டா ஒரே பதில்: நைட் சிஃப்ட். ஒரு எலெக்ஷனுக்கு ஒத்துமையா நிக்காத ஜனம், இதுக்கு நின்னுச்சு. ஒருத்தர் இன்னும் மேல போயி, அவர வத்தேகம பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், நல்ல ஒசரம்னு சொல்லியிருக்காரு.

வருஷம் முடிய இன்னும் மூணு வாரம். அப்பதான் காணி ஆபிஸுக்கு புகார் எழுதி ஒரு பெட்டிசம் போச்சு. பேரு இல்ல. "ஊர் நலன் விரும்பி"ன்னு கையெழுத்து. பிரேமிளா காணிய வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க, அங்க இருக்கிறது பல்லேகலையில வேலை செய்ற ஒரு ஆம்பளன்னு எழுதியிருந்துச்சாம்.

விசாரிக்க வந்தது ஸ்ரீதரன்னு ஒரு காணி உத்தியோகத்தர். அவர் வந்தது செவ்வாய்க்கெழம. பிரேமிளா செவ்வாய்க்கெழம சந்தையில. வீடு பூட்டு. கொடியில நீலக் கோட்டு சட்டை. வாசல்ல பத்தாம் நம்பர் செருப்பு. ஜன்னல்ல ஹெல்மட். அவர் எல்லாத்தையும் போன்ல படம் எடுத்துகிட்டு கீழ எறங்கி வந்து, லயத்து வாசல்ல ஒக்காந்திருந்த அழகமுத்து மாமாவ கேட்டாரு.

"மேல வீட்டுல யாரு இருக்கிறது?"

மாமா நெஞ்ச நிமித்தினாரு. "ஆம்பள ஆள் இருக்காரு சேர். பயப்பட ஒண்ணுமில்ல."

"பேரு?"

இதுக்கு மாமா தயாராகல. ஆனா தோக்கவும் இல்ல. "சுதேஷ், சேர்."

"எவ்வளவு காலமா இருக்காரு?"

"வீடு கட்டினதுல இருந்து. தங்கமான மனுஷன். இருக்கிற சத்தமே கேக்காது."

பக்கத்துல நின்ன சித்தியும் விடல. "ராவு முழுக்க வேலை சேர், பாவம்."

ஸ்ரீதரன் சேர் எல்லாத்தையும் அழகா எழுதிகிட்டு போனாரு. அன்னைக்கு சாயங்காலம் பிரேமிளா வந்த ஒடனே மாமா ஓடிப்போய் சொன்னாராம்: "ஒருத்தன் வந்து விசாரிச்சான் புள்ள. ஒண்ணும் பயப்படாத. நான் நல்லா சொல்லி அனுப்பிட்டேன்."

ஒரு வாரத்துல கடிதம் வந்துச்சு. சிங்களத்துல. பிரேமிளா அத சந்தைக்கு எடுத்துகிட்டு வந்து முஹ்ஸின் நானாகிட்ட நீட்டினாங்க. நானா கண்ணாடிய மாட்டிகிட்டு வாசிச்சாரு.

"புள்ள, யாரு இந்த சுதேஷ்?"

"தெரியாது நானா."

"ஒங்கட காணியில அவருதான் ஈக்கிறாராம். நீங்க இல்லையாம். பதினாலு நாளைக்குள்ள காரணம் காட்டாட்டி பெர்மிட் இல்லயாம்."

ஒரு வருஷம் மலைய வெட்டினது ஒருத்தி. குடியிருக்கிறதா அரசாங்கம் எழுதி வச்சிருக்கிறது சட்டைய!

லயத்துல கூட்டம் போட்டாங்க. வழிய உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. என்ன வழின்னு நெனைக்கிறீங்க? உண்மைய சொல்றதுன்னா? நல்லா சொன்னீங்க. பதினாலு நாளைக்குள்ள ஒரு உண்மையான புருஷன கண்டுபிடிக்கிறது!

"கட்டுகஸ்தோட்டையில எங்க வீட்டுக்காரரோட சொந்தத்துல ஒரு பையன் இருக்கான்"னு சித்தி ஆரம்பிச்சாங்க. "பேரு சுதேஷ் இல்ல. ஆனா அதையெல்லாம் பேசிக்கலாம்."

"வாடகைக்கு விட்டாத்தானே குத்தம்? புருஷன்னா குத்தமில்லயே"ன்னு மாமாவும்.

பிரேமிளா கேட்டது ஒண்ணுதான். "இத்தன நாள் பயிர் செஞ்சது நான். இப்ப நான் இருக்கேன்னு காட்டுறதுக்கு இன்னொருத்தன் வரணுமா?"

ஆனா பிரேமிளாவுக்கும் லேசா இல்ல. உண்மைய சொன்னா, விசாரணையில பதிவாகும். ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு அறிக்கைய கிராம சேவகர் ஆபிஸ் போர்ட்ல ரெண்டு வாரம் ஒட்டுவாங்க. பிரேமிளா அந்த மலையில தனியா இருக்கான்னு, வர்றவன் போறவன் எல்லாம் வாசிக்கிற மாதிரி, முத்திரை குத்தி. அந்த ரெண்டு குடிகாரங்களுக்கும் சேத்துத்தான். சொல்லலன்னா காணி போயிரும். ரெண்டு நாள் சரியா சாப்பிடலன்னு சொன்னாங்க.

மூணாம் நாள் காணி ஆபிஸுக்குப் போய் விசாரணைக்கு நாள் கேட்டு வாங்கிட்டு லயத்துக்கு வந்தாங்க. ஒவ்வொரு காம்பராவா நின்னு ஒரே விஷயத்த சொன்னாங்க. "வியாழக்கெழம பத்து மணிக்கு விசாரணைக்கு மேல வர்றாங்க. நீங்க வந்து உண்மைய சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

வியாழக்கெழம பத்து மணிக்கு ஸ்ரீதரன் சேரும் ஆபிஸ் கிளாக் ஒருத்தரும் வந்துட்டாங்க. லயத்துல இருந்து ஒருத்தரும் இல்ல. கவர்மென்ட் ஆளுக்கு பொய் சொன்னோம்னு யாரு வந்து ஒத்துக்குவா? பத்தே கால். பிரேமிளா பிளேன்டீ ஊத்திக் குடுத்துட்டு வழியவே பாத்துகிட்டு நின்னாங்களாம். பத்தரைக்கு சித்தியோட தலை தெரிஞ்சுச்சு. பின்னால மாமா. அதுக்குப் பின்னால பதினேழு பேரு. பாதிப் பேரு அந்தக் காணிய அன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்குறாங்க. ரெண்டு பேரு வழி தெரியாம பக்கத்து மலைக்கு ஏறிட்டு எறங்கி வந்தாங்களாம்.

"சுதேஷ் எங்க?"ன்னு சேர் கேட்டாரு.

"அப்படி ஒருத்தர் இல்ல சேர்"னு மாமா நெலத்த பாத்துகிட்டே சொன்னாரு.

"செருப்பு?"

"என்னோடது."

"சாரம், சட்டை?"

"எங்க வீட்டுக்காரரோடது"ன்னாங்க சித்தி.

"அவர் எங்க?"

"செத்து ஆறு வருஷமாச்சு சேர்."

கிளாக் எழுதுறத நிறுத்திட்டு பார்த்தாராம்.

சேர் லேசுல நம்பல. "அன்னைக்கு இருக்காருன்னீங்க, இன்னைக்கு இல்லங்கிறீங்க. இவ்வளவு வேலையும் ஒரு பொம்பளப்புள்ள தனியா செஞ்சதுன்னு நான் எப்படி எழுதுறது? யாராச்சும் ஆம்பள ஆள் ஒதவிக்கு வந்திருப்பீங்கதானே?"

இங்கதான் நடந்துச்சு விஷயம். ஒரு வருஷமா "தனியா முடியாது, தனியா முடியாது"ன்னு சொன்ன வாய் அத்தனையும், அவங்க எவ்வளவு தனியா இருந்தாங்கன்னு சாட்சி சொல்லப் போட்டி போட ஆரம்பிச்சிருச்சு.

"சத்தியமா யாரும் வரல சேர்!"

"பதினாறு தகரத்தையும் ரெண்டு ரெண்டா தலையில வச்சு அவளேதான் ஏத்தினா. நான் கீழ நின்னு எண்ணிகிட்டு இருந்தேன். தொடவே இல்ல சேர்!" இது மாமா.

"தண்ணிக் கொழாய் இழுக்க எங்களக் கூப்பிட்டாங்க சேர். அன்னைக்கு கிரிக்கெட் மேச். நாங்க போகல."

"எங்க வீட்டு ஏணிய கேட்டுச்சு சேர். நான் இல்லன்னு சொல்லிட்டேன். இருந்துச்சு."

"காய்ச்சல்ல நாலு நாள் கெடந்தா சேர்"னாங்க சித்தி. "எனக்கே அஞ்சாம் நாள்தான்..."

அதோட சித்தி நிறுத்திட்டாங்க. முந்தானைய எடுத்து வாயில வச்சுகிட்டாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல அவங்க அவங்க சொன்னத அவங்களே கேட்ட மாதிரி இருந்துச்சாம். பிரேமிளா திரும்பி போஞ்சிப் பந்தலப் பாத்துகிட்டு நின்னாங்க.

சேர் எழும்பி உள்ள போய் பார்த்தாரு. ஒரு பாய். ஒரு தலவாணி. ஒரு கோப்பை. ஒரு பீங்கான் தட்டு. வெளிய வந்து பிரேமிளாவ மட்டும் பார்த்து கேட்டாரு.

"தனியா குடியிருக்கிறதா எழுதுறேன். சரியா?"

"எழுதுங்க சேர்."

"போர்ட்ல ஒட்டுவாங்க."

"தெரியும் சேர். எழுதுங்க."

பெர்மிட் போன கெழம வந்துச்சு. பொலித்தீன் கவருக்குள்ள போட்டு, கத்தரிக்கா கூடைக்கு அடியில வச்சிருந்தாங்க. எடுத்துக் காட்டினாங்க. நான் தொடல, கை ஈரம். பேரு இருக்கிற எடத்த மட்டும் வெரலால காட்டினாங்க. ஒரே ஒரு பேரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நானா மொளகாத்தூள் மூட்டைய அவுத்தாரு, நான் அது மேல பழிய போட்டுட்டேன்.

மாமா இப்ப ஞாயித்துக்கெழமைகள்ல மேல ஏறி வர்றாராம். இன்னமும் அறிவுரைதான். ஆனா கையில மம்பட்டியோட வந்து சொல்றாராம்.

"இப்ப ஊருக்கே தெரியுமே நீங்க தனியான்னு. பயமில்லயா?"ன்னு கேட்டேன்.

"பயம்தான். முன்னாடியும் பயம்தான். இப்ப காணி என்னோடது"ன்னாங்க. பொறகு கொஞ்சம் யோசிச்சிட்டு, "எனக்குப் பொறகு பக்கத்துல இன்னும் ஒம்பது பேருக்கு காணி கெடைச்சுச்சு, அவங்களுக்கு இன்னும் வருஷம் முடியல. ஒருத்தரும் வரல. ஒருத்தர் வேலி போட்டுட்டு டோஹா போயிட்டாரு. ஒருத்தங்க பேர் பலகை மட்டும் நட்டிருக்காங்க. யாராச்சும் ஒருத்தங்க வந்து இருந்தாங்கன்னா, சாயங்காலம் ஒரு அடுப்புப் பொகை தெரியும். அது போதும் எனக்கு."

அதுக்காகத்தான் இத்தன அவசரமா டைப் பண்றேன். தயவு செஞ்சு இத பகிருங்க. அந்த ஒம்பது பேரும் கொழும்புலயோ, டோஹாவுலயோ, இந்த பஸ்ல என் பக்கத்து சீட்லயோ இருக்கலாம். அவங்கள்ல ஒருத்தர் கண்ணுல பட்டாலும் போதும். வாங்க, ஒங்க காணியில வந்து இருங்க. பக்கத்துல நல்ல மனுஷி ஒருத்தி இருக்காங்க, ஏணி கேட்டா குடுப்பாங்க.

மத்தவங்க செவ்வாயும் சனியும் வத்தேகம சந்தைக்குப் போங்க. முஹ்ஸின் நானா கடை வாசல்ல பிரேமிளா இருப்பாங்க. பத்து மணிக்குள்ள போயிருங்க, போஞ்சி தீந்துரும்.